உதிர்ந்ததையும் எடுத்து வைத்தவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும், தொலைவிலிருந்து கை கொடுத்த அந்துப்பூச்சி நண்பர்களுக்கும்,

வணக்கம். காட்டுத்தீ வந்த அந்த வாரம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். போர்ச்சுகலின் எஸ்ட்ரெலா மலையின் இந்தப் பக்கம் இன்னும் கருகித்தான் கிடக்கிறது. அதைத் திரும்ப விவரிக்க எனக்கும் மனமில்லை, கேட்க உங்களுக்கும் தெம்பிருக்காது. வீட்டின் கூரை போயிற்று, வேலைக்கூடம் போயிற்று, நான் சேர்த்த அந்துப்பூச்சிகள் ஊசியில் குத்தி நிற்கும் பூச்சிப்பெட்டிகள் மட்டும் பிழைத்தன. அவை யாரால், எப்படிப் பிழைத்தன என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

ஊரைக் காலி செய்யச் சொன்ன மாலையில் ரொட்டிக்கடை வண்டி என் வாசலில் வந்து நின்றது. நான் அழைக்கவில்லை. கடைக்கார அம்மாவின் மகன் இறங்கி, "பூச்சிகள் எங்கே?" என்று மட்டும் கேட்டார். அடுமனைத் தட்டுகள் 40க்கு 60 சென்டிமீட்டர் அளவில் செய்யப்படுபவை. நாங்கள் வழக்கமாக வாங்கும் பூச்சிப்பெட்டிகள் 40க்கு 50. ஆகவே ஒவ்வொரு பெட்டியும் ஒரு தட்டின் மேல் அமர்ந்து, மாவுத்துணி போர்த்தப்பட்டு, ரொட்டி அடுக்கும் சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த சில நாட்கள் நான் அவற்றின் அருகில் இல்லை. பெட்டிகள் பள்ளத்தாக்கில் உள்ள கடையின் பின்னறையில் இருந்தன.

அந்த நாட்களில் அந்த அம்மா செய்த காரியத்தைத்தான் நான் இங்கே நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். மலைப்பாதையின் வளைவுகளில் வண்டி எவ்வளவு மெதுவாக வந்தாலும், ஆண்டுக்கணக்கில் உலர்ந்துபோன பூச்சிகள் குலுங்கத்தான் செய்யும். குலுங்கினால் முதலில் கழன்று விழுவது வயிறு. கண்ணாடி மூடி வழியாக அவர் பார்த்தபோது, பெட்டிகளின் அடியில் கால்களும் உணர்கொம்புகளும் வயிற்றுத் துண்டுகளுமாகச் சிதறிக் கிடந்திருக்கின்றன. வேறு யாராக இருந்தாலும் குப்பை என்று ஊதித் தள்ளியிருப்பார்கள், அல்லது தொடப் பயந்து அப்படியே விட்டிருப்பார்கள். விட்டிருந்தால் அடுத்த முறை பெட்டியைத் தூக்கியதும் எல்லாம் ஒரு மூலைக்கு உருண்டு ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

அவர் தம் புருவம் திருத்தும் சிறு இடுக்கியை எடுத்து, உதிர்ந்த ஒவ்வொரு வயிற்றையும் தனித்தனியாகப் பொறுக்கி, கேக் வைக்கும் சிறு காகிதக் கிண்ணங்களில் ஒன்றுக்கு ஒன்றாக இட்டு, கிண்ணத்தின் விளிம்பில் பென்சிலால் இடத்தை எழுதி வைத்திருக்கிறார். ஒரு கிண்ணத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்: "பெட்டி 7, மூன்றாம் வரிசை, இடமிருந்து நான்காவது. ஐந்தாவதினுடையதாகவும் இருக்கலாம்." இத்தனைக்கும் பூச்சிகளை ஈர்க்க நான் இரவில் வைக்கும் விளக்கைக் கண்டாலே முகம் சுளித்தவர்களில் அவரும் ஒருவர், விடியற்காலையில் அடுப்பு மூட்டும் நேரத்தில் பூச்சிகள் அவருடைய சன்னலில் வந்து மொய்க்கின்றன என்பது அவருடைய நெடுநாள் குறை. குறை நியாயமானதுதான்.

வயிற்றுத் துண்டுக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜியோமெட்ரிட் குடும்பத்து அந்துப்பூச்சிகளின் புழுக்கள் உடலை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப்புழுக்கள். உலகில் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 24,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம். அவற்றுள் யூபிதீசியா என்ற பேரினம் உலகெங்கும் 1,400க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. பெரும்பாலானவை இறக்கை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கும், சாம்பலும் பழுப்புமாக இருக்கும், கொஞ்ச நாள் பறந்து செதில் உதிர்ந்துவிட்டால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கவே முடியாது. அப்போது வயிற்றைக் கழற்றிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, தசையும் கொழுப்பும் கரைந்தபின் தூரிகையால் சுத்தம் செய்து, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆணாக இருந்தால் எட்டாவது வயிற்றுக் கண்டத்தின் அடித்தகடு எப்படிப் பிளந்திருக்கிறது என்பதே பல இனங்களைக் காட்டிக்கொடுக்கும். எள்ளை விடச் சற்றே நீண்ட அந்தத் துண்டு இல்லையென்றால், ஊசியில் குத்தி நிற்கும் மிச்சப் பூச்சிக்குப் பேரினப் பெயரோடு ஒரு கேள்விக்குறிதான் போட முடியும்.

ஐபீரியத் தீபகற்பத்தில் இந்தச் சிக்கல் யூபிதீசியாவோடு முடிவதில்லை. இடேயா பேரினத்தின் சிறு பூச்சிகள் இங்கே மிகுதி. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் கோடையில் விளக்கருகே கட்டும் துணியில் நள்ளிரவுக்கு மேல் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் அவைதான் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். ஆக்செல் ஹவுஸ்மன் தொடங்கிவைத்து, 2001 முதல் 2019 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஐரோப்பிய ஜியோமெட்ரிட் நூல்வரிசை இல்லாமல் இந்த வட்டாரத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. அந்த வரிசையும் பக்கத்துக்குப் பக்கம் நம்மை அனுப்பிவைப்பது வயிற்றின் உள்ளே இருக்கும் அமைப்புகளுக்குத்தான்.

அந்தக் கிண்ணத்தின் சந்தேகத்தைச் சென்ற வாரம் தீர்த்தேன். நான்காவதும் ஐந்தாவதும் வயிறிழந்து நின்றன. அந்துப்பூச்சியின் பின்னிறக்கை அடியில் முன்னிறக்கையைப் பிணைக்கும் முள் ஒன்று உண்டு. ஆணில் அது ஒற்றைத் தடித்த முள்ளாக இருக்கும், பெண்ணில் பல மெல்லிய முட்களாகப் பிரிந்திருக்கும். நான்காவது ஆண், ஐந்தாவது பெண். கிண்ணத்திலிருந்த வயிற்றைக் கரைசலில் இட்டுத் திறந்தால் பெண்ணினுடையது. அந்த அம்மா "நான்காவது" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், ஓர் ஆண் பூச்சியோடு ஒரு பெண்ணின் வயிற்றை ஒட்டியிருப்பேன். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், தெரியாததைத் தெரியாததாகவும் எழுதிவைக்கும் இந்த ஒழுங்கு பூச்சிகளைப் பதிவு செய்யும் எங்களிடமே அரிது. இணையப் பொதுத் தளங்களில் ஒரு மங்கலான புகைப்படத்துக்கு இனப்பெயரைத் தயங்காமல் சூட்டுகிறவர்கள் அந்தப் பென்சில் எழுத்தை ஒரு முறை பார்க்க வேண்டும்.

இனி மற்றவர்களுக்கு. வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு இரவும் பகலும் குழாய் பிடித்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு (இந்த நாட்டில் தீயணைப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்களே), கிணற்றையும் மின்னாக்கியையும் திறந்துவிட்ட அண்டை வீட்டாருக்கு, தன் நுண்ணோக்கியைக் கேளாமலே அனுப்பிவைத்த போர்ட்டோ நண்பருக்கு, புதிய பெட்டிகளையும் ஊசிகளையும் அனுப்பிய ஸ்பெயினின் தெருவெல், மாட்ரிட் நண்பர்களுக்கு, ஆல்கஹால் தந்த மருந்துக்கடைக்காரருக்கு, பழைய அஞ்சல்களில் தேடி என் குறிப்பேட்டுப் பக்கங்களின் படிகளைத் திரட்டித் தந்த எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பெயர் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன் என்பதால் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

பதிவுகள் ஏற்கெனவே உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப் (GBIF) உலகத் தரவகத்தில் இருக்கின்றனவே, பெட்டி போனால்தான் என்ன என்று ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, ஆறுதலாகவே கேட்டார். தரவகத்தில் இருப்பது நான் சொன்ன பெயர். பெட்டியில் இருப்பது பூச்சி. நாளை ஓர் இனம் உண்மையில் இரண்டு இனம் என்று யாராவது காட்டினால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, பூச்சியைத் திரும்ப எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். 1978 மார்ச் 18 அன்று லிஸ்பனில் போக்காஜ் அருங்காட்சியகம் எரிந்தபோது விலங்கியல் சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. அங்கிருந்த மாதிரிகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் இன்றும் நூலகங்களில் கிடைக்கின்றன, ஆனால் அவற்றைச் சரிபார்க்க மாதிரி இல்லை. சிறு ஊரின் தனியார் பெட்டிகளை ஒரு தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பேசுவது அளவு மீறியதாகத் தோன்றலாம். ஆயினும் எரிவதற்கு முன் இந்தச் சரிவில் என்ன பறந்தது என்பதற்கு வேறு சான்று இல்லை.

இனிமேல்தான் அவற்றுக்கு வேலை. சிஸ்டஸ் புதரின் விதைகள் தீயின் சூடு பட்டால் நன்றாக முளைக்கும் என்பதால், அந்தப் புதரைத் தின்று வளர்ந்து குளிர்காலத்தின் பிற்பகுதியில் பறக்கும் கெமெரினா அந்துப்பூச்சி இங்கே சீக்கிரம் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். மஞ்சள் பூப்பூக்கும் சைட்டிசஸ் புதர்கள் துளிர்த்தால், அவற்றைத் தின்னும் செசியாஸ் பூச்சிகளும் இலையுதிர் காலங்களில் மறுபடி விளக்குக்கு வரலாம். இடேயாக்களைப் பற்றித்தான் கவலை. அவற்றுள் பலவற்றின் புழுக்கள் வாடி உதிர்ந்த இலைகளைத் தின்று வளர்பவை, அந்தச் சருகு முழுவதும் சாம்பலாகிவிட்டது. மரப்பட்டையில் பாசிபோல் படரும் லைக்கனைத் தின்னும் டெஃப்ரோனியா அந்துப்பூச்சியை என் ஆயுளில் இந்த ஓக் மரங்களில் மீண்டும் காண்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இவையெல்லாம் என் ஊகங்கள். சரியா தவறா என்று அறிய, தீக்கு முன் இருந்த பெட்டிகளை அருகில் வைத்துக்கொண்டுதான் தீக்குப் பின் வருவதை எண்ண வேண்டும்.

ஆகவே எரிந்த சரிவில் முன்பு விளக்கு வைத்த அதே இடங்களில், குளிர்காலம் உட்பட எல்லா மாதங்களிலும் மீண்டும் விளக்கு வைப்பேன். எதுவும் வராத இரவையும் எதுவும் வரவில்லை என்றே பதிவேன். ரொட்டிக்கடைச் சன்னலை நோக்கி வெளிச்சம் போகாதபடி மறைப்பு கட்டுவேன். பூச்சியின் பழைய விவரச்சீட்டை எடுக்கக் கூடாது, புதியதை அதன் கீழே சேர்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் மரபு. அதன்படி, கிண்ணத்திலிருந்து மீண்ட ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் இன்னொரு சீட்டு ஏறும்: வயிற்றைக் காத்து வைத்தவர் என்று அந்த அம்மாவின் முழுப்பெயர். எனக்குப் பின் இந்தப் பெட்டிகள் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அந்தச் சீட்டும் கூடவே போகும். அவரிடம் அனுமதி கேட்டாயிற்று. பெயரில் எழுத்துப்பிழை வரக் கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை.

பெட்டிகளில் சில இன்னும் உங்களில் மூன்று வீடுகளில் இருக்கின்றன. புது அலமாரி தச்சர் கையில் இருக்கிறது. அது வந்ததும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை சமையலறையில் வேண்டாம், வெயில் படாத சுவரோரமாக, படுத்த நிலையிலேயே இருக்கட்டும்.