வெளிநாட்டு மாணவர் துணைக் குழு: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கோலாலம்பூருக்குப் பட்டப்படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக, பிரிக்பீல்ட்ஸில் வழக்கம்போல் வரவேற்பு விருந்து வைத்தோம். நல்ல கூட்டம். ஆனால் முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் உற்சாகமாகத்தான் இருக்கிறார்கள். ஒன்றரை மாதம் போன பிறகுதான் முகம் வாடுகிறது. அந்த நேரத்தில் நாம் யாரும் பக்கத்தில் இல்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

முதலாண்டு மாணவர் ஒருவர் பல வாரங்கள் அறையிலேயே முடங்கிக் கிடந்தார். பருவம் முடியும்போதுதான் நமக்குத் தெரிந்தது. இங்கே தங்கிப் படிப்பதற்கான மாணவர் அனுமதியைப் புதுப்பிக்க வகுப்பு வருகை 80 விழுக்காடும், சிஜிபிஏ எனும் ஒட்டுமொத்தத் தேர்ச்சிப் புள்ளிச் சராசரி 2.0-உம் வேண்டும். ஊர் நினைப்பில் வகுப்புக்குப் போகாத பிள்ளைக்கு, இந்த நாட்டில் இருப்பதற்கே சிக்கல் வந்துவிடுகிறது. நம் மகளிர் பிரிவு அக்கா ஒருவர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, பேசிப் பேசித் தேற்றினார். இப்போது ஒழுங்காக வகுப்புக்குப் போகிறார். அந்த அக்காவுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

இனி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் உறுப்பினர் குடும்பம் பொறுப்பேற்கும். ஆறாவது வாரத்தில் கட்டாயம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தொலைபேசி போதாது.

வந்த 7 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் அனுமதிக்காகக் கடப்பிதழைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்பது ஆகியவற்றை முன்கூட்டியே பெற்றோருக்கும் சொல்லிவிடுகிறோம். "பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களா?" என்று ஓர் அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டே கேட்டதை மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை மலாய் வகுப்பு மனநிறைவு தருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடையிலிருந்து கெடாய், கட்டிலிலிருந்து காத்தில், கப்பலிலிருந்து காப்பால் என்று தமிழிலிருந்து போன சொற்களில் தொடங்குகிறார். பயம் பாதி அங்கேயே போய்விடுகிறது. நம் பேச்சும் அவர்களுக்குப் புதிதுதான். 'பத்து வெள்ளி' என்றால் பத்து ரிங்கிட் என்று ஒரு பிள்ளைக்கு விளக்க வேண்டியிருந்தது.

பகுதிநேர வேலை பற்றிப் பலர் கேட்கிறார்கள். 7 நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், குடிநுழைவுத் துறை அனுமதியோடு, வாரம் 20 மணி நேரம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லி வருகிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த சேர்க்கைக்குப் பொறுப்புக் குடும்பங்கள் இன்னும் தேவை. சரி என்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்