பாபநாசம் படித்துறையில் துணி வீசுவதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
கோடைமேலழகியான் கால் பாசன விவசாயிகள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: தாமிரபரணியில் வீசப்படும் துணிகளை அகற்றுதல், முந்தைய மனுக்களுக்குப் பதில் வராமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசநாதர் கோயில் படித்துறை தாங்கள் அறிந்த இடம், விளக்கத் தேவையில்லை. தாமிரபரணியிலிருந்து பிரியும் கோடைமேலழகியான் வாய்க்காலில் பாசனம் செய்யும் நாங்கள், முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம்.

1. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்பாண்டிச் சீமைக்கு வந்தபோது பாபநாசம் அருவியை வரைந்தார்கள். பின்னர் லண்டனில் அச்சான அந்தப் படத்தின் நகலையும் இன்றைய படித்துறைப் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறோம். 1940களில் மேலே 143 அடி அணையும் மின் நிலையமும் வந்து காட்சி மாறியது. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. அந்த அணைத் தண்ணீரில்தான் கார், பிசானம் என்ற இரு பருவ நெல்லும் விளைகின்றன.

2. எங்கள் குறை துணி. பரிகாரம் செய்ய வருவோர் முங்கி எழுந்து, உடுத்தியதை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். பருத்தி என்றாலாவது மக்கும். வருவதெல்லாம் பாலியஸ்டர் சேலையும் பேன்ட்டும். மணலுக்கடியில் புதைந்து கிடந்து, குளிப்பவர் காலைச் சுற்றுகிறது. படித்துறையில் பொரி தின்ன வரும் மீன்கள் அந்தக் கந்தலுக்குள்தான் நீந்துகின்றன. போன கார் சாகுபடியில் மடை அடைத்துக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் சேலைக்குள் வேட்டி, வேட்டிக்குள் இன்னொரு சேலை, வடக்கயிறு போல முறுக்கிக்கொண்டு ஷட்டரைப் பிடித்திருந்தது. அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தோம். அதற்குள் கடைமடையில் நாற்று கருகிவிட்டது. கருகிய நாற்றுக்கு யார் பொறுப்பு?

3. ஆடி அமாவாசை, தை அமாவாசை முடிந்ததும் தன்னார்வலர்கள் துணிகளை அள்ளிக் கரையில் குவிக்கிறார்கள். அதை ஏற்றிப்போக வண்டி வருவதில்லை. அடுத்த வெள்ளத்தில் குவியல் திரும்பவும் ஆற்றுக்கே போகிறது. பிள்ளைகள் பாடுபட்டு அள்ளியதை ஆற்றிடமே திருப்பிக் கொடுப்பதற்கு எதற்கு ஐயா அள்ள வேண்டும்?

4. துணி போடக்கூடாது என்று பலகை வைத்தாயிற்று என்கிறார்கள். பலகைக்குக் கீழேயே துணி கிடக்கிறது!

5. பக்தர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. எங்கள் முன்னோருக்கும் அங்கேதான் தர்ப்பணம் கொடுக்கிறோம். படியிறங்கும் இடத்தில் துணி போடத் தொட்டி வையுங்கள். அமாவாசை நாட்களில் ஆள் நிறுத்துங்கள். குவித்ததை அன்றே ஏற்றிச் செல்ல வண்டி அனுப்புங்கள். ஜூனில் கார் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கும் முன் ஆற்றடியில் கிடப்பதை எடுத்துவிடுங்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான், ஐயா. எங்கள் வயலுக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது எடுத்துவிடுங்கள்.

தயவுசெய்து இம்முறை கிடப்பில் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் திறப்பதற்குள் ஒருமுறை மடைக்கு நேரில் வாருங்கள். எந்த நாள் என்று சொன்னால் போதும், நாங்களே இறங்கி எடுத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கோடைமேலழகியான் கால் பாசன விவசாயிகள்