மழைக்கு முன்னால் மாடி வயரைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இன்சுலேஷன் டேப் கேட்டு வருகிறவர்களிடம் "எங்கே சுத்தப் போறீங்க?" என்று எங்கள் கடையில் கேட்கிறோம். ஒரு டேப்புக்கு இத்தனை கேள்வியா என்று சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கரண்ட் நம் மேல் படாமல் காப்பதுதான் டேப்பின் வேலை. ஜாயின்ட்டை இறுக்கிப் பிடிக்க அதனால் முடியாது. வயரை லேசாக முறுக்கிவிட்டு மேலே எத்தனை சுற்று சுற்றினாலும், உள்ளே கம்பிகள் சரியாகத் தொடாத இடத்தில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். லைட் எரியும்போது இது தெரியாது. ஏசியும் கீசரும் மோட்டாரும் ஓடும்போதுதான் தெரியும். கரண்ட் இரண்டு மடங்கானால் அந்த இடத்துச் சூடு நான்கு மடங்கு. சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறையோ 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது.

நம் கடலூரில் உப்புக்காற்று வேறு. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் மாடியில் கிடக்கும் பழைய ஜாயின்ட் ஒன்றை, மெயினை அணைத்துவிட்டு, வயர்மேனை வைத்துப் பிரித்துப் பாருங்கள். டேப்பின் பசை விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மெல்லிய இழைகள் தொட்டாலே ஒடியும்.

ஆகவே வெளியில் ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே வயராக இழுப்பதுதான் நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில், வயரின் அளவுக்கேற்ற ஸ்லீவ் (இரண்டு முனைகளையும் சேர்க்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு, அதை அழுத்துவதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிக்காது. அதன் மேல், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், உள்ளே பசை உள்ளதாக. பிறகு மழை புகாத பெட்டி. வயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும்.

அலுமினிய வயரோடு செம்பு வயரை நேராக முறுக்கவே வேண்டாம். ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். அதற்கென்றே ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமான பைமெட்டல் லக்ஸ் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் இணைப்பு) இருக்கிறது.

வயரைக் கட்டுவதற்கும் ஒரு வார்த்தை. வெள்ளை கேபிள் டை வீட்டுக்குள் போதும். வெயிலில் மொறுமொறுத்துப் போய்த் தெறித்துவிடும். மாடிக்கு என்றால் வெயில் தாங்கும் கறுப்பு டைதான் தருவோம், வெள்ளையைக் கேட்டாலும் தர மாட்டோம். கட்டுக்கம்பி போட்டு முறுக்குவது கூடவே கூடாது, அது உறையையே அறுக்கும். லோடு அதிகமுள்ள வயர்களை ஒரே கட்டாக நெருக்கிக் கட்டினால் சூடு வெளியேற வழியிருக்காது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். அதுபோன்ற காற்றில் ஆடும் வயர் சுவர் முனையில் உரசியே உறை கிழிந்துபோகும். தொங்கவிடாமல், வயரைச் சுவரோடு பிடிக்கும் சாடில் கிளிப் அடித்துப் பிடிக்க வையுங்கள்.

கிரிம்பிங் டூல் இல்லாதவர்கள் வயரையே கடைக்குக் கொண்டுவந்தால் லக்ஸ் அடித்துத் தருகிறோம். 1.5, 2.5, 4 சதுர மி.மீ. என்று வயரின் அளவு தெரியாவிட்டால் ஒரு சாண் துண்டு போதும், பார்த்துச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் எலெக்ட்ரிகல் கடையினர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்