பின்பக்கம் அமுங்கும் வேனுக்கு எவ்வளவு காற்று?

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பின்பக்கம் அமுங்கியிருந்த வேனைக் பின் ஆக்சிலுக்கும் அடிச்சட்டத்துக்கும் (சேசிஸ்) நடுவில் வைக்கும் காற்றுப்பையில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏற்றி நிமிர்த்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். நிமிர்ந்தது உயரம்தான். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, அத்தனையும் டயர் மேல்தான் நிற்கிறது. டயர் கணக்கை முதலில் முடி, பையை அப்புறம் பார்க்கலாம்.

தண்ணீர், சிலிண்டர், சாமான், ஆள் எல்லாம் ஏற்றிக்கொண்டு வே பிரிட்ஜுக்குப் போ. முன் சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை, பின் சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை, விட்டால் பின் இடச் சக்கரத்தைத் தனியாகவும் ஒரு தடவை எடை போடு. உன் 100 லிட்டர் தண்ணீர் டேங்க் பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 3 மீட்டர் என்றால் பின்னால் ஏறுவது 133 கிலோ, முன்னால் குறைவது 33. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்றாயே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின் ஆக்சில் 1,800 வந்து, ஒரு பக்கம் 980, மறுபக்கம் 820 என்று பிரிந்தால் இரண்டு டயருக்கும் 980க்குரிய காற்றுதான். டயரில் எடை தாங்கும் குறியீடு 109/107 என்று இருந்தால் ஒற்றை டயர் தாங்குவது 1,030 கிலோ, அதுவும் முழுக் காற்றில். முழுக் காற்று 65 பி.எஸ்.ஐ. என்றால் நேர் விகிதத்தில் 62 வரும். டயர் கம்பெனி அட்டவணை இதைவிடச் சற்றுக் குறைத்தே சொல்லும், 62 தப்பில்லை. கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கீழே மட்டும் போகாதே. எடை ஆக்சிலின் வரம்பைத் தாண்டியிருந்தால் சாமானை இறக்குவதுதான் வழி, காற்றால் தீராது.

காற்றை விடியலில், வண்டி நகரும் முன் பார். புதுச்சேரியிலிருந்து ஓட்டி வந்து பங்க்கில் பார்த்தால் 67, 68 காட்டும். குறைக்கட்டுமா என்பார்கள், விடாதே. குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறித்தான் வெடிக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். இங்கே 38 டிகிரியில் 62 பிடித்து அங்கே 12 டிகிரியில் பார்த்தால், குளிர் 6 குறைக்கும், உயரம் 3 கூட்டும். 59 என்று கண்டு பதறாதே.

இனி பை. காலி வேனில் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு ஓரம் வரை டேப்பால் அளந்து வை. சாமான் ஏற்றியபின் சைக்கிள் பம்பால் ஐந்தைந்தாக ஏற்றி, பழைய உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போதே நிறுத்து. வேகத்தடையில் பின்பக்கம் துள்ளினால் காற்று அதிகம். அப்போது கமான்பட்டை (இரும்புப் பட்டை ஸ்பிரிங்) சும்மா இருக்க, பாரமெல்லாம் சேசிஸில் ஒரே இடத்தில் விழுந்து பிராக்கெட் விரிசல் விடும். காலியாக ஓட்டும்போதும் 10 இருக்கட்டும். காற்றில்லாத பை மடிந்து உரசிக் கிழியும்.

இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு வை. T வடிவ இணைப்பு போட்டு இரண்டையும் சேர்த்தால் வளைவில் அமுங்கிய பையின் காற்று எதிர்ப் பைக்கு ஓடி, வேன் இன்னும் சாயும். பை சிறியது என்பதால் காற்று மீட்டர் வைத்து எடுப்பதிலேயே 2, 3 போய்விடும். தினமும் பார்த்துப் பார்த்தே லீக் என்று நினைத்துவிடாதே. சந்தேகம் இருந்தால் குழாய் முனையில் சோப்புத் தண்ணீர் விடு. குமிழ் வந்தால் முனையை பிளேடால் நேராக வெட்டி மறுபடி சொருகு.

இங்கே வந்தால் தேவனாம்பட்டினம் கடலோரம்தான் நிறுத்துவாய். உப்பு பிராக்கெட் போல்ட்டை அரித்துவிடும், கிளம்பும் முன் அடியில் நல்ல தண்ணீர் அடித்துவிடு.

அப்பா