ரசிகர் மன்ற ஆண்டறிக்கை: கடைசி இடத்திலிருந்து எழுந்த சீசன்கள்

மன்றத் தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். முரசுக்குப் புதுத் தோல் கட்டியாயிற்று.

இந்த ஆண்டு செய்ததிலேயே எனக்கு மனநிறைவு தந்தது வேறொன்று. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "கடைசி இடத்துல இருந்தப்பவும் எதுக்குண்ணே ஸ்டேடியத்துக்குப் போனீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான், ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரில் நம் 'சென்னையின் எஃப்சி' அணி விழுந்து எழுந்த சீசன்களைப் பற்றி மூத்தவர்களைப் பேசவைத்து, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

நோட்டில் பாதிக்கு மேல் 2015தான். 10 ஆட்டம், 10 புள்ளி, பட்டியலில் கடைசி. பயிற்சியாளர் மாட்டராசியின் அணி முடிந்துவிட்டது என்றுதான் ஊரே பேசியது. அப்புறம் மீதி 4 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்குப் போனார்கள். அதற்குள் ஊரை வெள்ளம் சூழ்ந்துவிட்டது. நம் நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. முடிச்சூர் உறுப்பினர் வீட்டில் சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோதுதான், கொல்கத்தாவை 3-0 என்று அடித்த செய்தி போனில் வந்தது. கையில் துடைப்பத்தோடு அவருடைய அம்மா, "நம்ம பசங்களா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அந்த உறுப்பினருக்குக் குரல் கம்மியது.

டிசம்பர் 20, கோவா ஃபடோர்டாவில் இறுதி ஆட்டம். 87வது நிமிடத்தில் எதிரணியான கோவாவின் ஜோஃப்ரே அடித்ததும் அவர்கள் 2-1 என்று முன்னிலை. டீக்கடை டிவி முன்னால் இருந்த பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். 90வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம் சைடு கோல். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் நம் மென்டோசா! 3-2. போனவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். அந்த சீசனில் 13 கோல் அடித்த மென்டோசா, அதே ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். அதற்குப் பிறகும் அவர் தளராமல் ஓடியதைத்தான் நோட்டில் பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

2016ல் 8 அணிகளில் 7வது இடம். ஜான் கிரிகரி பயிற்சியாளராக வந்த அடுத்த சீசனில் மீண்டும் கோப்பை. 2018 மார்ச் 17, இறுதி ஆட்டத்துக்காக பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் பெங்களூரு போனோம். 9வது நிமிடத்திலேயே பெங்களூரு அணியின் சேத்ரி கோல் போட்டார். கன்டீரவா மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள். நம் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார், பிற்பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். ஜெயித்த இரவு தொண்டை கட்டிப்போய், மறுநாள் வீட்டில் சைகையில்தான் பேசினேன்.

அதற்கடுத்த சீசனில் மறுபடி 10 அணிகளில் கடைசி. 2019-20லும் முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஓவன் காயில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றதும் அதே பையன்கள் வேறு ஆளாகி ஓடினார்கள். வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டினோம். இறுதி ஆட்டம் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி. கோப்பை வராவிட்டாலும் எனக்கு மிகப் பிடித்த சீசன் இதுதான். அன்று காலி கேலரியை டிவியில் காட்டியபோது, நாம் அங்கே இல்லையே என்று நெஞ்சு அடைத்தது.

கடைசியாக ஒரு தீர்மானம். முடிச்சூர் வீட்டில் வெள்ளத்தில் நனைந்த நீலக் கொடியை அந்த உறுப்பினர் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறார். குறுக்கே தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகப் படிந்திருக்கிறது. அதைச் சலவைக்குப் போட வேண்டாம், அப்படியே அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப் போகலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். கேள்வி கேட்ட தம்பியே கொடியைப் பிடிக்கச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்