இறுகிய மண்ணும் பூஞ்சைகளும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

உரம் போட்டும் மண் இறுகிக்கொண்டே போகிறது, தண்ணீர் மேலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அங்கே பூஞ்சைகள் அருகிவிட்டனவோ என்று எனக்குச் சந்தேகம். பூஞ்சை என்றாலே நமக்குப் பயிர்நோய்தான் ஞாபகம் வரும். மண்ணில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நோய் தருபவை அல்ல. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அவற்றின் இழைகள் மண் துகள்களைச் சுற்றிப் பின்னிப் பிணைத்து, பிசுபிசுப்பைச் சுரந்து ஒட்டி, சிறுசிறு உருண்டைகளாக்குகின்றன. உருண்டைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில்தான் நீர் இறங்குகிறது, வேர் மூச்சு விடுகிறது. அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுந்துபோகும்.

நொதிகளின் வேலை இன்னும் அதிசயம். பூஞ்சை தன் நொதிகளை வெளியே சுரந்து, உணவைச் சிதைத்த பிறகே உறிஞ்சிக்கொள்கிறது. சருகுக்கும் கட்டைக்கும் உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் லேசில் மசியாது. லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் போன்ற நொதிகளைக் கொண்டு அதை உடைப்பதில் பூஞ்சைகளுக்கு நிகரில்லை. அந்தச் சிதைவிலிருந்துதான் மட்கு சேர்கிறது. களிமண் துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்ட நொதி, சுரந்த பூஞ்சை செத்த பின்னும் வேலை செய்யுமாம்! இதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறெதிலும் மனம் போகவில்லை.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், விஷயத்தையும் சொல்ல வேண்டும். நீ போடுவதில் பெரும்பகுதி சுண்ணாம்போடும் இரும்போடும் சேர்ந்து மண்ணிலேயே முடங்கிவிடுகிறது. பூஞ்சைகள் சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் அதில் கொஞ்சத்தைக் கரைக்கும். மட்கில் கட்டுண்டதை பாஸ்பட்டேஸ் நொதி விடுவிக்கும். செடியின் வேரோடு கூட்டாக வாழும் வேர்ப்பூஞ்சையோ, வேர் எட்டாத இடத்திலிருந்தும் கொண்டுவந்து கொடுக்கும். ஆனால் மணிச்சத்தை அள்ளிப் போட்டால் செடி அந்த உறவையே குறைத்துக்கொள்கிறது. அதனால் மண் பரிசோதனை பார்க்காமல் இனி அந்த உரத்தை வாங்காதே.

உழவைக் குறைத்து, சருகு, வைக்கோலால் மண்ணை மூடி மூடாக்குப் போடு. நிலத்தை வெறுமையாக விடாதே. முட்டைக்கோசு, கடுகு வகைகளில் வேர்ப்பூஞ்சை குடியேறாது. அவற்றையே திரும்பத் திரும்பப் பயிரிடாமல் நடுவில் பயறு விதைத்துவிடு.

முதலில் ஒன்று செய். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போடு. உழாத வரப்போர மண்ணிலும் ஒரு கட்டி எடுத்து அதேபோலப் போட்டுப் பார். எது சட்டென்று கரைகிறது, எது உருக்குலையாமல் நிற்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
ராமு