அம்மாவின் மூக்குத்தி

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள முருகேசா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

அம்மாவின் திதிக்குள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொல்லியிருந்தாய். நீ கைபேசியில் அனுப்பியதைக் கணினியில் திறந்து பார்த்ததும் மனம் கனத்துவிட்டது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் மணலில் அம்மா உட்கார்ந்திருந்தபோது நான் எடுத்த படம்தான். ஆனால் மூக்குத்தி இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள். புடவைக் கரையும் கட்டம் கட்டமாகச் சிதைந்து கிடக்கிறது.

ஒரு சதுரத்தை எண்ணிப் பார்த்தேன். குறுக்கே 8 புள்ளி, நெடுக்கே 8 புள்ளி. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை அதை இப்படித்தான் கூறு போடுகிறது. ஒரு கட்டத்தின் 64 புள்ளிகளையும், மெல்ல மாறும் ஒளி, சட்டென்று மாறும் நுணுக்கம் என்று அலைகளாகப் பிரித்து எழுதுகிறது. நம் கண் முன்னதைத்தான் நன்றாகப் பிடிக்கும்; நுணுக்கத்தில் சற்றுக் குறைந்தாலும் கண்டுகொள்ளாது. அதனால் நுணுக்கத்தின் கணக்கைத் தோராயமாக்கி, பெரும்பாலானவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. அளவோடு செய்தால் ஒரு குறையும் தெரியாது. நீ அக்காவுக்கு அனுப்ப, அவர் சேமித்து மகளுக்கு அனுப்ப, அவள் மறுபடி உனக்கு அனுப்ப, ஒவ்வொரு முறையும் செயலி சுருக்கியிருக்கிறது. பூஜ்யமானது திரும்பி வராது.

சுருக்குவதன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கணக்கைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது. 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இதற்காக நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிதாக இருக்கிறதே என்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் சொன்னாராம். அகமது விடவில்லை. அடுத்த கோடையில் சம்பளமில்லாமலே இதில் உழைத்தார். 1974இல் டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவருடன் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் தரத்துக்கு அதுதான் அஸ்திவாரம். அம்மா படம் திருப்பூருக்கும் கடலூருக்கும் நொடியில் போய் வருவது அவரால்தான். இத்தனை வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தும், போன வருடம்தான் அவர் பெயரே எனக்குத் தெரிந்தது. அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இங்கே ஒரு பையன் செயற்கை நுண்ணறிவால் சரிசெய்து தருகிறேன் என்று செய்தும் காட்டினான். முகம் பளிச்சென்று வந்தது. ஆனால் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பைக் காணோம், மூக்குத்தி ஒற்றைக்கல்லாகியிருந்தது. அம்மா போட்டிருந்தது எட்டுக்கல் பேசரி அல்லவா? இல்லாததை இட்டு நிரப்பிய படத்துக்கு மாலை போட எனக்கு மனம் ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என்னிடமிருந்த மூலப்படம் 2011 டிசம்பரில் தானே புயலோடு போயிற்று. கூரை பிய்த்துக்கொண்டு மழை உள்ளே கொட்டியதில் கணினி முழுக்க நனைந்துவிட்டது. ஆனால் படம் எடுத்த வாரமே உனக்கு ஒரு சிடி கொடுத்தேன், நினைவிருக்கிறதா? நீல மையால் ‘மகம்’ என்று எழுதியிருப்பேன். பீரோவில், கல்யாண ஆல்பங்களுக்கு அடியில் தேடிப் பார். கிடைத்தால் நீ திறந்து பார்க்கக்கூட வேண்டாம். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கூரியரில் அனுப்பிவிடு. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போதும், திதிக்குள் முடித்துவிடுவேன்.

அன்புடன்,
சேகர்